பொய்க் காலராவும் ஒன்பதாம் பக்கமும்

"ஏட்டி தங்கம், நீ எழுதி வச்சிருக்கதப் பாத்துட்டு காலரா திரும்பிப் போயிருமோ?"

இப்படிக் கேட்டவர் என் சித்தப்பா மாசிலாமணி. கருங்கல் சந்தையில் கருப்பட்டி வியாபாரம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடம் எதைக் கேட்டால் வாயடைத்துப் போவார்கள் என்பது நன்றாகத் தெரியும். நான் அப்போது எட்டுப் பக்கத் திட்டம் ஒன்றை எழுதி முடித்து, ஓரங்களில் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாவது ஃபாரம் தேறியவள் கருப்பட்டி வியாபாரிக்கெல்லாம் பதில் சொல்வதா என்ற நினைப்பு. (அப்போது எனக்கு இருபது வயது. மன்னித்துவிடுங்கள்.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா பனையேறினார், தாத்தா பனையேறினார். நான் நாகர்கோவில் போர்டிங் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறினேன், அதுவும் குறும்புக்குத் தண்டனையாக. எப்படியோ படித்து முடித்து, சர்க்கார் சுகாதார இலாகாவில் எங்கள் பகுதிக்கு ஹெல்த் விசிட்டராக வந்து சேர்ந்தேன். "எங்க பிள்ளைக்கி சர்க்கார் உத்தியோகமாக்கும்" என்று அம்மா வேதக்கோயிலில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டாள். 'ஆறு மாசத்துக்கு மட்டும்' என்று உத்தரவில் இருந்த வரியை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

நோய் வந்த பிறகு தலைதெறிக்க ஓடுவதை விட்டுவிட்டு, வரும் முன்பே ராஜ்யம் முழுக்க ஊருக்கு ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று தலைநகர் திருவனந்தபுரத்தில் முடிவு செய்திருந்தார்கள். யாருக்காவது வாந்திபேதி கண்டால் தாலுகாவுக்குச் செய்தி கொண்டு ஓடுவது யார், கிணற்றில் மருந்து போடுவது யார், நோயாளியை எங்கே தனியாக வைப்பது என்பதையெல்லாம் எழுதவேண்டும். எழுதினால் போதாது, ஒரு நாள் நடத்தியும் காட்டவேண்டும். அதைப் பார்க்க மேலே இருந்து ஒரு டாக்டர் வருவார்.

அந்த டாக்டர் முந்தின மாதமே என்னிடம் மென்மையாக ஒரு சேதி சொல்லியிருந்தார். "பெண்களுக்கு இந்த வேலை சரிப்படுமா என்று மேலே சந்தேகம் இருக்கிறது. ஒத்திகை நன்றாக நடந்தால் உங்களை நிரந்தரமாக்க எழுதுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் ஆறு மாதம் முடிந்ததும் ஓர் ஆண்பிள்ளையை அனுப்புவார்கள்." திட்டம் எழுதும்போது அந்த ஆறு மாதம் முடிய மூன்று வாரம்தான் இருந்தது. எட்டுப் பக்கமும் சிவப்புக் கோடும் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது என் அக்கா காலராவில் போனாள். இரண்டே நாள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அக்காவைப் பார்க்க வராத பெரியம்மாவைப் பற்றித்தான் பேசுவோம். பெரியம்மா அம்மாவின் கூடப்பிறந்த அக்காள். ஒரு மைல் தூரத்தில் வீடு. அக்கம்பக்கமெல்லாம் வந்து கட்டிலைச் சுற்றி நின்று பார்த்தபோது அவள் மட்டும் கைப்பிள்ளையோடு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு பதினாலு வருஷம் எங்களுக்கும் அவளுக்கும் பேச்சு கிடையாது. கோயிலில் அவள் வலப்பக்கம் உட்கார்ந்தால் நாங்கள் இடப்பக்கம். நானும் வயது வந்ததும் அந்தப் பகையை முறைப்படி ஏற்றுக்கொண்டேன். ஹைஜீன் பாடத்தில் நூற்றுக்கு எண்பத்தெட்டு வாங்கியவள், கோயில் வாசலில் பெரியம்மாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒத்திகைக்கு ஒரு பொய் நோயாளி வேண்டும். ஊரில் யாரும் சம்மதிக்கவில்லை. காலராவாக நடித்தால் காலராவே வந்துவிடும் என்று பயம். கடைசியில் சித்தப்பாவிடம் போய் நின்றேன்.

"வெறுமே கட்டில்ல கெடந்தாப் போதுமா?"

"போதும் சித்தப்பா."

"சந்தைக்குப் போவாண்டாம்?"

"வேண்டாம்."

"அப்பம் செரி. காலரா எனக்கு வந்துட்டுண்ணு எழுதிக்க."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பில் ஓலைக் கொட்டகை போட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் நிறுத்தி விளக்கிச் சொன்னேன். "இது பொய் நோய். ஒத்திகை. மாசிலாமணி சித்தப்பாவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எல்லாம் நடக்கும்." எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு சந்தேகம்கூட யாரும் கேட்கவில்லை. என் பேச்சின் தெளிவுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

குறித்த நாளில் காலை ஏழு மணிக்குச் சித்தப்பாவைக் கட்டிலோடு தூக்கினார்கள். நாலு பேர் தோளில் அவர் போன அழகு இருக்கிறதே! ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மறு கையால் வழியில் நின்றவர்களுக்கெல்லாம் விடை கொடுத்துக்கொண்டு போனார். "போயிட்டு வாறேம்பிள்ளே" என்று சித்தியைப் பார்த்து அவர் சொன்னதும், பொய் என்று தெரிந்தே சித்தி அழுதுவிட்டாள்.

கொட்டகையில் அவரைக் கிடத்தி, வாசலில் நான் நின்றுகொண்டேன். கையில் திட்டம். மூன்றாம் பக்கம் தெளிவாகச் சொல்கிறது: 'நோயாளியும் பணிவிடை செய்பவரும் தவிர வேறு எவரும் கொட்டகைக்குள் நுழையக்கூடாது.' அடியில் இரட்டைக் கோடு.

எட்டு மணி இருக்கும். வாய்க்கால் பாலத்தில் யாரோ வருவது தெரிந்தது. பெரியம்மா! இடுப்பில் ஒரு சீப்பு ஏத்தன்பழம். அவளுக்கு ஓரடி முன்னால், வழிகாட்டிக்கொண்டு என் அம்மா.

பதினாலு வருஷம் பேசாத இரண்டு பேர் ஒரே பாலத்தில் வந்தார்கள்; நான் ஒரு தரம் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். இருந்தாலும் சர்க்கார் உத்தியோகஸ்தி அல்லவா? மூன்றாம் பக்கத்தை உயர்த்திப் பிடித்தேன்.

"உள்ள வரப்படாது."

பெரியம்மா நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, பழத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "பொய்ச் சீக்குதாண்ணு தெரியும் மக்கா. அண்ணைக்கு நான் வரல்ல. இண்ணைக்காவது மொத ஆளா வந்திருவோம்ணு விடியமுன்ன எறங்கி ஒங்கம்மைக்க வாசல்ல போயி நின்னேன்."

"ஏட்டி, வழிய விடு" என்றாள் அம்மா.

நான் வழியை விட்டேன்.

(எட்டுப் பக்கத் திட்டம், எட்டு மணிக்கு முடிந்தது. சரியாக ஒரு மணி நேரம் உயிரோடு இருந்திருக்கிறது.)

உள்ளே சித்தப்பா இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, "மைனி வந்தியளா? எனக்கு இதுவே போதும்" என்றார். காலராவில் இருமல் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. பெரியம்மா பழத்தை உரித்துக் கொடுத்தாள், அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மூக்கைச் சிந்தினார்கள். கொட்டகைக்கு வெளியே நானும் கொஞ்சம் சிந்தினேன்.

அடுத்துத் தலை காட்டியவர் கிழக்குவிளைப் பொன்னையா மாமா. கையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும்.

"மாமா, இது ஒத்திகை. அன்றைக்கே கோயிலில் சொன்னேனே."

"சொன்னியம்மா, நல்லாச் சொன்னிய. ஆனா நாளைக்கி சந்தையில என்னப் பாத்து மாசிலாமணி கேப்பாம்லா? 'கொட்டகையில கெடந்தேன், எட்டிப் பாத்தியா ஓய்'ணு கேட்டா நான் மொகத்த எங்க கொண்டு வைக்க?"

"நோய் பொய், மாமா!"

"நோய்தான் பொய். கெடக்கது அவன்தானே?"

ஹைஜீன் புத்தகத்தை மனசுக்குள் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். அதற்கு மேல், "பெரியம்மைய விட்டிய, என்ன விட மாட்டியா?" என்று ஒரு கேள்வி. ஒரு சொந்தத்தை விட்டுவிட்டு இன்னொரு சொந்தத்தைத் தடுத்தால், அடுத்த பதினாலு வருஷப் பகைக்கு நானே பிள்ளையார்சுழி போட்டதாகிவிடும். பொன்னையா மாமாவும் உள்ளே போனார்.

பத்து மணிக்குள் ஊரே தோப்புக்குள் இருந்தது. எங்கள் பக்கத்தில் சீக்காளியைப் பார்க்க வெறும் கையோடு போவது கிடையாது. பனங்கிழங்கு, அவல், இளநீர், முட்டத்திலிருந்து வந்த சொந்தக்காரர் வகையில் பொரித்த மீன், யாரோ பாவம் பத்தியம் என்று நினைத்துக் கொண்டுவந்த கஞ்சியும் கொள்ளு அரைத்த காணத்துவையலும். யார் கொண்டுவந்ததைச் சாப்பிடாவிட்டாலும் அவர்களுக்கு வருத்தமாகும் என்று சித்தப்பா எல்லாவற்றையும் சாப்பிட்டார். இதற்கு நடுவில் வருகைக் கணக்கு வேறு. "தங்கம், தெக்குவிளைக்காரனுவ இன்னும் வரல்ல, கேட்டியா? நெனப்பு வச்சுக்க."

பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, தொப்பி, கையில் குறிப்புப் புத்தகம். பாலத்தில் ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். தனிமைக் கொட்டகையில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். நடுவில் காலரா நோயாளி, பொரித்த மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எந்தா இது?" என்றார். திகைப்பில் தாய்மொழியான மலையாளம் வந்துவிட்டது.

 நிரந்தர உத்தியோகம் வாய்க்காலில் மிதந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது. டாக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். ஒத்திகை முறைப்படி நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பாவின் முகம் மாறியது. நெற்றி வேர்த்தது. வயிற்றுக்குள் கருங்கல் சந்தைக்கு வண்டி போவதுபோல் ஒரு சத்தம்.

"டாக்டரய்யா, கைய விடணும்" என்றார் சித்தப்பா. குரலில் நடிப்பே இல்லை.

"கொஞ்சம் பொறுங்கள்."

"பொறுக்க முடியாது அய்யா!"

கையை உதறிக்கொண்டு தோப்புக்குள் ஓடினார். திரும்பி வந்தார். திரும்ப ஓடினார். மூன்றாவது முறை ஓடியபோது கூட்டத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

டாக்டர் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார். "இது ஒத்திகைதானா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் அக்கம்பக்கத்தில் எங்கும் நோய் இல்லை. தின்ற ஏத்தன்பழமும் மீனும் மரச்சீனியும் வயிற்றில் சண்டை போட்டிருக்கும் என்று புத்தி சொன்னது. ஆனால் அக்காவுக்கும் இப்படித்தான் ஒரு பகலில் ஆரம்பித்தது. பெரியம்மா, உரித்த பழத்தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றாள். அம்மா அவள் கையைப் பிடித்திருந்தாள்.

"தெரியவில்லை டாக்டர். ஐந்தாம் பக்கத்தின்படி செய்யணும்."

ஐந்தாம் பக்கம்: 'நோயாளியைத் தொட்டவர், அவரோடு உண்டவர் எவரும் நிச்சயம் தெரியும் வரை ஊருக்குள் போகக்கூடாது.' கூட்டத்தைப் பார்த்து அதை உரக்க வாசித்தேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முணுமுணுத்தார்கள். ஆனால் ஓர் ஆள்கூடப் பாலத்தைத் தாண்டவில்லை. டாக்டர் மட்டும் தொப்பியை மாட்டிக்கொண்டு, "சரி, நான் தாலுகா வரை போய்..." என்று ஆரம்பித்தார்.

"டாக்டர், நீங்கள் நாடி பார்த்தீர்கள்."

"அதற்கு?"

"ஐந்தாம் பக்கம்."

என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, விழுந்துகிடந்த தென்னந்தடியில் உட்கார்ந்துவிட்டார். (இப்போது யோசித்தாலும் எனக்கு வியர்க்கிறது. என் சீட்டைக் கிழிக்க வந்தவரையே பிடித்து அடைத்துவிட்டேன்.)

ஊருக்குள் இன்னொரு கூத்து. இத்தனை பேர் திரும்பி வராததைப் பார்த்த பார்வத்தியக்காரர், அதாவது எங்கள் ஊர்ச் சர்க்கார் அதிகாரி, நோய் நிஜம் என்று முடிவு கட்டிவிட்டார். கிணற்றுத் தண்ணீர் இளஞ்சிவப்பாகும் வரை ஒரு சிட்டிகை மருந்து என்று நாலாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். அவர் ஒரு வருஷத்துக்கான டப்பாவை அப்படியே கவிழ்த்தார். கிணறு கத்தரிக்காய் நிறமாயிற்று. அந்தத் தண்ணீரில் துவைத்த வெள்ளைத் துணியெல்லாம் காய்ந்ததும் காவியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலைப் பார்த்தவர்கள், இது வேதக்காரர் சபையா, சாமியார் மடமா என்று சந்தேகப்பட்டிருப்பார்கள்.

தோப்பில் காத்திருந்த நேரத்தில் டாக்டர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். "இங்கே இருப்பவர்கள் ஒவ்வொருவரும் எந்த வீடு என்று எழுதுங்கள்."

எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தபோது, எங்கள் ஊரில் அந்தத் தாளில் வராத வீடு தெக்குவிளையில் மூன்றுதான். இது நிஜக் காலராவாக இருந்தால்? ஒரு கட்டிலிலிருந்து எல்லா வீட்டுக்கும் நானே வழிவிட்டு அனுப்பியிருக்கிறேன். தாளை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பெரியம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணைக்கு வந்தவிய ஒம்பது வீட்டுக்காரிய மக்கா. அதுல நாலு வீட்டுல பிறகு அழுகச் சத்தம் கேட்டுது. கைப்பிள்ளய வச்சுட்டு கதவ சாத்துனவ நான். நான் செஞ்சது தப்பாண்ணு இண்ணைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல்ல."

அம்மா எழுந்து வந்தாள். பெரியம்மாவின் கையிலிருந்த பழத்தோலை வாங்கி வாய்க்கால் ஓரம் குழி தோண்டிப் புதைத்தாள். ஆறாம் பக்கத்தில் நான் எழுதியிருந்தபடியே. அவளுக்கு அதை எப்போது வாசித்துக் காட்டினேன் என்று ஞாபகமே இல்லை.

நாலு மணிக்குச் சித்தப்பா எழுந்து உட்கார்ந்து, "மீன்ல மிச்சம் உண்டா?" என்று கேட்டார். டாக்டர் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "காலரா இல்லை. ஏத்தன்பழம்" என்று தீர்ப்புச் சொன்னார். தோப்பே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்லிற்று.

போகும்போது டாக்டர் என்னிடம் கேட்டார். "உங்கள் எட்டுப் பக்கத்தில் என்ன விட்டுப்போயிற்று?"

"சொந்தக்காரர்களை விட்டுவிட்டேன்."

"வரக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்களே?"

"வராமல் இருக்க அவர்களால் முடியாது, டாக்டர். வந்ததாகவும் இருக்கணும், உள்ளே வராமலும் இருக்கணும். அதற்கு ஒரு வழி எழுதுகிறேன்."

ராத்திரி வரைகூடக் காத்திருக்கவில்லை. அந்தத் தென்னந்தடியிலேயே உட்கார்ந்து ஒன்பதாம் பக்கத்தை எழுதினேன். கொட்டகையிலிருந்து முப்பது அடி தள்ளி ஒரு கயிறு. கயிற்றுக்கு வெளியே ஒரு மேசை, மேசையில் ஒரு நோட்டு. பார்க்க வருகிறவர் பேரை அதில் எழுதவேண்டும். கயிற்றுக்கு வெளியே நின்று சத்தமாகச் சுகம் விசாரிக்கலாம். நோயாளி எழுந்ததும் நோட்டு வாசித்துக் காட்டப்படும், யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று. சிவப்புக் கோடு போட மறந்துவிட்டேன்.

நிரந்தரம் கிடைக்கவில்லை. இன்னும் ஆறு மாதம் தற்காலிகம், ஒத்திகையைத் திரும்ப நடத்திக் காட்டவேண்டும் என்று உத்தரவு வந்தது. இரண்டாவது ஒத்திகையில் ஊர் முழுக்கக் கயிற்றுக்கு வெளியே வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு, "ஓய் மாசிலாமணி, சுகமாக் கெடக்கீரா?" என்று கத்திவிட்டுப் போயிற்று. நோட்டில் முதல் பேர் பெரியம்மாவுடையது. கொண்டுவந்த பண்டமெல்லாம் மேசையிலேயே நின்றுபோனதில் சித்தப்பாவுக்கு மட்டும் தீராத கோபம்.

மறு வருஷம், தற்காலிகம் இன்னொரு தரம் நீண்டிருந்தபோது, மழைக்குப் பிறகு காலரா நிஜமாகவே வந்தது. கொட்டகையில் ஐந்து பேர் படுத்தார்கள். நாலு பேர் எழுந்து வந்து நோட்டைக் கேட்டு வாங்கி வாசிக்கச் சொன்னார்கள். ஐந்தாவது ஆளுக்கு வந்தவர்களின் பேரை நான் அவர் வீட்டில் போய் வாசித்தேன். கயிற்றைத் தாண்டி நோய் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் நிரந்தர உத்தரவு வந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்காவது தலைவலி என்றால், "நோட்டு வச்சாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கருங்கல் சந்தையில் சித்தப்பா கடைக்குப் பேர் 'காலராக் கடை'. "காலராக் கடையில ரெண்டு சிப்பம் கருப்பட்டி வாங்கிட்டு வா" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். வாங்கியும் தின்கிறார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை என்பது என் சந்தேகம்.

இப்போது ராஜ்யம் முழுமைக்கும் ஒரே திட்டமாக எழுதப்போகிறார்கள். எல்லாத் தாலுகாவிலிருந்தும் ஆள் கூப்பிட்டிருக்கிறார்கள், நம் பக்கத்திலிருந்து என்னை. நேற்று காலை பஸ் ஏற்ற ஊரே வந்திருந்தது. சித்தப்பா ஒரு பொட்டலம் கருப்பட்டியை ஜன்னல் வழியே நீட்டி, விடாமல் அதே கேள்வியைக் கேட்டார்.

"ஏட்டி தங்கம், திருவனந்தபுரத்துல இருந்து எழுதினா மட்டும் காலரா திரும்பிப் போயிருமோ?"

"அது போகாது, சித்தப்பா. நீங்க கயித்துக்கு வெளிய நின்னாப் போதும்."

அந்தக் கேள்விக்கு ஆறாவது ஃபாரம் தேறியவள் சொன்ன முதல் பதில் அது. பஸ் களியக்காவிளையில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற நின்றபோது திட்டத்தை மடியில் விரித்தேன். ஒன்பதாம் பக்கத்தை உருவி எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, 9 என்பதை அடித்துவிட்டு 1 என்று எழுதினேன். மை காய்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.